நினைவக அளவைகள்: பத்தின் அடுக்கும் இரண்டின் அடுக்கும்

ஒரு டெராபைட் கொள்ளளவு என உறையில் அச்சிடப்பெற்ற வட்டு ஒன்றினை விண்டோஸ் முறையில் இயங்கும் கணிப்பொறியுடன் இணைத்தால், திரையில் அதன் கொள்ளளவு 931 ஜிகாபைட் என்றே தோன்றுகிறது. ஆயிரம் ஜிகாபைட் கொண்டது ஒரு டெராபைட் எனில், எஞ்சிய 69 ஜிகாபைட் எங்கே சென்றது என்னும் ஐயம் எழுவது இயல்பு. வட்டில் குறைபாடு ஏதுமில்லை. கணிப்பொறியும் தவறாக எண்ணவில்லை. ஒரே பெயரால் வழங்கும் இருவேறு அளவைகளே இம்மயக்கத்திற்குக் காரணம். அவ்விரு அளவைகள் யாவை, அவை எவ்வாறு தோன்றின, அவற்றால் விளையும் பிழையைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இவ்வினா வீட்டுக் கணிப்பொறியோடு நின்றுவிடுவதன்று. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வித்துரா என்னும் ஊர் உள்ளது. மத்திய அரசு 2008ஆம் ஆண்டில் தொடங்கிய திருவனந்தபுரம் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இவ்வூரிலேயே அமைந்துள்ளது. இத்தகைய நிறுவனங்களில் நுண்ணோக்கிகளும் நிறமாலைக் கருவிகளும் அளந்தவை யாவும் எண்களாக மாறிக் கணிப்பொறியின் சேமிப்பகத்தை அடைகின்றன. ‘பத்மநாபா’ எனப் பெயரிடப்பெற்ற உயர்திறன் கணிப்பொறித் தொகுதியும் இந்நிறுவனத்தில் உண்டு. நெல் அறுவடையாகுமுன் களஞ்சியத்தின் கொள்ளளவை அறிந்திருத்தல் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் சோதனை தொடங்குமுன் சேமிப்பகத்தின் கொள்ளளவை அறிந்திருத்தல். களஞ்சியத்தை ஒரு மரக்காலாலும் நெல்லை வேறொரு மரக்காலாலும் அளந்தால், கடைசி வண்டி நெல் வாசலிலேயே நிற்க நேரிடும்.

ஒரு பெயர், இரு மதிப்பு: பழைய நாணயக் கணக்கு

ஒரே பெயருக்கு இரு மதிப்பு இருத்தல் இப்பகுதிக்குப் புதியதன்று. வித்துரா முன்னாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அச்சமஸ்தானத்தின் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு அங்கே 28 சக்கரம் 8 காசு மதிப்புக் கொள்ளப்பட்டது. எனவே ஒரு ரூபாய்க்கு 448 காசு என்பது ஒரு கணக்கு. 456 காசு என்பது மற்றொரு கணக்கு. வேறுபாடு அரைச் சக்கரமே. ஒரு ரூபாயில் அதைப் பொருட்படுத்துவார் குறைவு. ஆயிரம் ரூபாயில் அவ்வேறுபாடு 500 சக்கரமாகிறது. அதாவது சமஸ்தானக் கணக்கில் 17 ரூபாய் 24 சக்கரம். எந்த ரூபாய் என்று குறியாமல் தொகையை மட்டும் எழுதினால், கொடுத்தவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் ஒத்துவாரா.

கணிப்பொறி அளவைகளிலும் நிகழ்வது இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரூபாய்க் கணக்கில் பிழை எல்லாத் தொகைக்கும் ஒரே விகிதத்தில், ஏறத்தாழ நூற்றுக்கு 1.8 பங்காக நின்றது. கணிப்பொறி அளவைகளிலோ அலகு பெரிதாக ஆக, பிழையின் விகிதமும் பெரிதாகிறது. இதன் காரணம் கீழே விளங்கும்.

நினைவகம் இரண்டின் அடுக்கில் அமைவது ஏன்?

கணிப்பொறியின் அடிப்படைக் குறி இரு நிலைகள் உடையது. மின்விசை உண்டு அல்லது இல்லை. அவற்றை 1 எனவும் 0 எனவும் குறிப்பர். இத்தகைய ஒரு குறி ஒரு பிட் எனப்படும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்.

நினைவகத்தில் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு முகவரி வேண்டும். அம்முகவரி மின்கம்பிகள் வாயிலாகச் செல்கிறது. ஒரு கம்பியினால் 0, 1 என இரண்டு முகவரிகளை மட்டுமே குறிக்க இயலும். இரு கம்பிகளால் 00, 01, 10, 11 என நான்கு. மூன்று கம்பிகளால் எட்டு. கம்பி ஒன்று கூடுந்தோறும் முகவரிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. பத்துக் கம்பிகளால் 1,024 முகவரிகள் கிடைக்கின்றன. ஆயிரம் இடம் மட்டுமே உடைய நினைவகத்தை அமைத்தாலும் பத்துக் கம்பிகள் வேண்டும். 24 முகவரிகள் வீணாகும். ஆகவே நினைவகத்தை 1,024, 2,048, 4,096 என அமைப்பதே சிக்கனம்.

இரட்டிப்பு முறை தமிழ் வாசகர்க்கு அன்னியமானதன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி என்பது பழைய முகத்தலளவை வாய்பாடு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்னும் பின்னங்களும் ஒன்றினை மேலும் மேலும் இரண்டாகப் பகுத்தவையே. நிறைகோல் இல்லாதவனும் ஒரு குவியலை இரு சம பங்காக்க இயலும். பத்துப் பங்காக்குதல் அரிது. பொருளின் இயல்பு எம்முறையை எளிதாக்குகிறதோ அம்முறையே அளவையாக நிலைக்கிறது. மின்குறிக்கு எளிது இரட்டிப்பு.

இந்தியாவில் கணிப்பொறி தோன்றிய காலத்திலேயே இரு முறைகளும் அருகருகே இருந்தன. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் கட்டப்பெற்று 1960இல் இயங்கத் தொடங்கிய டிப்ராக் என்னும் கணிப்பொறியின் காந்தவளைய நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. இது இரண்டின் 11ஆம் அடுக்கு. 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 1620 கணிப்பொறியோ பத்தடிமான முறையினது. அவ்வகைப் பொறியின் நினைவகம் 20,000 இலக்கம் முதலான முழு ஆயிரங்களிலேயே அமைந்தது. காலப்போக்கில் இருமமுறைப் பொறிகளே நிலைபெற்றன. 1,024 என்பது ஆயிரத்திற்கு மிக அண்மையில் இருத்தலால், பொறியாளர் அதனை வசதிக்காகக் ‘கிலோ’ என்று அழைக்கத் தொடங்கினர். மயக்கத்தின் வித்து இங்கேதான் விழுந்தது.

வட்டும் தந்திப் பாதையும் பத்தின் அடுக்கில் அமைவது ஏன்?

கிலோ என்னும் சொல் ஆயிரம் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரான்சு நாட்டின் மெட்ரிக் சட்டம் 1795இல் அதனை ஏற்றது. 1960இல் வகுக்கப்பெற்ற சர்வதேச அலகு முறையில் கிலோ ஆயிரம். மெகா பத்து லட்சம். ஜிகா நூறு கோடி. டெரா ஒரு லட்சம் கோடி. கிலோகிராமிலும் கிலோமீட்டரிலும் இதற்கு விலக்கில்லை.

வட்டில் தகவல்கள் சுழலும் தகட்டின் தடங்களில் பதிகின்றன. தகடுகளின் எண்ணிக்கை, தடங்களின் நெருக்கம், ஒரு தடத்திலுள்ள பகுதிகள் ஆகியவை பொறியாளர் வசதிப்படி அமைவன. அவற்றின் பெருக்கற்பலன் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆகவே வட்டு உற்பத்தியாளர் சர்வதேச முறைப்படி ஆயிரத்தாலேயே எண்ணினர். செய்தித் தொடர்புப் பாதைகளின் வேகமும் அவ்வாறே: விநாடிக்கு ஒரு ஜிகாபிட் என்பது விநாடிக்கு 100,00,00,000 பிட் ஆகும்.

இரு முறையும் ஒரே பொருளில் கலந்த விந்தையும் உண்டு. ஒரு காலத்தில் எங்கும் வழங்கிய மூன்றரை அங்குல நெகிழ்வட்டு 1.44 மெகாபைட் எனக் குறிக்கப்பட்டது. பக்கம் இரண்டு, பக்கத்திற்கு 80 தடம், தடத்திற்கு 18 பகுதி, பகுதிக்கு 512 பைட். இவற்றைப் பெருக்கினால் 14,74,560 பைட் கிடைக்கும். பத்தின் அடுக்கில் இது 1.47 மெகாபைட், இரண்டின் அடுக்கில் ஏறத்தாழ 1.41. அச்சிடப்பெற்ற 1.44 என்னும் எண்ணோ 1,024ஐ 1,000ஆல் பெருக்கியதை ஒரு மெகாபைட் எனக் கொண்டதால் வந்தது. உழக்கும் உரியும் நாழியும் இரட்டிப்பாக ஏறி, பின்னர் பத்து இடங்கழி ஒரு பறை என மாறும் கேரள நெல்லளவையை இது நினைவூட்டும். நெல்லளவையில் ஒவ்வோர் அலகிற்கும் தனிப்பெயர் இருந்தமையால் குழப்பம் நேரவில்லை. நெகிழ்வட்டில் அத்தகைய தனிப்பெயர் இல்லை.

வேறுபாடு வளரும் விதம்

கிலோ: 1,000, 1,024. வேறுபாடு நூற்றுக்கு 2.4.
மெகா: 10,00,000; 10,48,576. வேறுபாடு நூற்றுக்கு 4.9.
ஜிகா: 100,00,00,000, 107,37,41,824. வேறுபாடு நூற்றுக்கு 7.4.
டெரா: பத்தின் 12ஆம் அடுக்கு, இரண்டின் 40ஆம் அடுக்கு. வேறுபாடு நூற்றுக்கு 10.
பீட்டா: பத்தின் 15ஆம் அடுக்கு, இரண்டின் 50ஆம் அடுக்கு. வேறுபாடு நூற்றுக்கு 12.6.

ஒவ்வொரு படியிலும் 1.024 என்னும் எண் மீண்டும் ஒருமுறை பெருக்கப்படுதலே இவ்வளர்ச்சிக்குக் காரணம். இது கூட்டுவட்டியை ஒத்தது. கிலோபைட்டே பெரிய அளவாயிருந்த நாளில் புறக்கணிக்கத்தக்கதாயிருந்த பிழை, டெராபைட் நாளில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

கட்டுரையின் தொடக்கத்திலுள்ள ஐயம் இப்பொழுது தீரும். வட்டில் உள்ளவை பத்தின் 12ஆம் அடுக்கு எண்ணிக்கையுள்ள பைட்டுகள். விண்டோஸ் அதனை 107,37,41,824ஆல் வகுத்து, விடையான 931ஐக் காட்டுகிறது. ஆனால் அருகே ஜிகாபைட் என்னும் பெயரையே இடுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் வெளியிட்ட மாக் இயக்குமுறை முதல் பத்தின் அடுக்கிலேயே காட்டி வருகிறது. எனவே ஒரே வட்டு ஒரு மேசையில் 1,000 எனவும் அடுத்த மேசையில் 931 எனவும் தோன்றக்கூடும்.

இவ்வேறுபாடு நீதிமன்றம் வரையும் சென்றதுண்டு. 80 ஜிகாபைட் என விற்கப்பட்ட வட்டு கணிப்பொறியில் குறைவாகத் தோன்றியது குறித்து அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கொன்று, 2006இல் வாங்கியோருக்கு இலவச மென்பொருள் அளிக்கும் சமரசத்தில் முடிந்தது. 2020இல் கலிபோர்னியாவில் வேறொரு வழக்கில், ஜிகாபைட் என்பதற்குப் பத்தின் அடுக்கே வணிகத்திற்குரிய பொருள் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நயா பைசா காட்டும் வழி

ஒரு பெயருக்கு இரு மதிப்பு நேர்ந்தால், எது சரி என்று வாதிடுவதினும் வேறு பெயர் சூட்டுவது பயன் தரும். இந்தியா இதனை முன்பே செய்து காட்டியுள்ளது. பழைய நாணய முறையில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. ஆக ஒரு ரூபாய்க்கு 64 பைசா. 16, 64 இரண்டும் இரண்டின் அடுக்குகள் என்பது கவனிக்கத்தக்கது. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசாம்ச நாணயம் நடைமுறைக்கு வந்தபொழுது, ரூபாயின் நூறில் ஒரு பங்கும் பைசா எனவே பெயர் பெற வேண்டியதாயிற்று. 64இல் ஒன்றும் பைசா, 100இல் ஒன்றும் பைசா எனின் சந்தையில் சச்சரவு ஓயாது. ஆகவே புதியது ‘நயா பைசா’ எனப்பட்டது. பழைய நாணயங்கள் மறைந்தபின், 1964 ஜூன் 1 முதல் நயா என்னும் அடைமொழி நீக்கப்பட்டது. மயக்கம் இருந்தவரை அடைமொழி இருந்தது. மயக்கம் நீங்கியதும் அது தேவையற்றுப் போயிற்று.

கணிப்பொறித் துறையில் இதே மருந்தினைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் வழங்கியது. இரண்டின் அடுக்குகளுக்குத் தனிப்பெயர்கள் வகுக்கப்பட்டன. பழைய பெயரின் முதற்பகுதியோடு, இருமத்தைக் குறிக்கும் ‘பி’ என்னும் அசையைச் சேர்த்துக் கிபி, மெபி, ஜிபி, டெபி எனப் பெயரிட்டனர். அதன்படி,

1 கிலோபைட் = 1,000 பைட்; 1 கிபிபைட் = 1,024 பைட்.
1 மெகாபைட் = 1,000 கிலோபைட்; 1 மெபிபைட் = 1,024 கிபிபைட்.
1 ஜிகாபைட் = 1,000 மெகாபைட்; 1 ஜிபிபைட் = 1,024 மெபிபைட்.
1 டெராபைட் = 1,000 ஜிகாபைட்; 1 டெபிபைட் = 1,024 ஜிபிபைட்.

தமிழில் ஓர் எச்சரிக்கை அவசியம். பேச்சு வழக்கில் ஜிகாபைட்டினை ‘ஜி.பி.’ என்று சுருக்கிக் கூறுவர். அது சுருக்கம், ஜிபிபைட் என்பது வேறோர் அலகின் முழுப்பெயர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், மயக்கத்தைப் போக்க வந்த பெயரே புதிய மயக்கத்தை விளைவிக்கும்.

நயா பைசாவுக்கு அரசின் சட்டமும் நாணயச் சாலையும் துணைநின்றன. புதிய அலகுப் பெயர்களுக்கு அத்தகைய துணை முழுமையாக வாய்க்கவில்லை. லினக்ஸ் முறையிலுள்ள பல கருவிகளும் அறிவியல் நூல்களும் அவற்றை ஏற்றுள்ளன. நினைவக வணிகத்திலோ 1,024இன் மடங்குகளுக்கும் கிலோ, மெகா, ஜிகா என்னும் பழைய பெயர்களே வழங்குகின்றன. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் சர்வதேச அலகுகளை அடிப்படையாகக் கொண்ட மெட்ரிக் முறையையே அளவைகளுக்கு விதிக்கிறது. அம்முறையில் கிலோ என்பதற்கு ஆயிரம் என்னும் ஒரே பொருளே உண்டு.

பணியாளர் கைக்கொள்ளத்தக்க விதிகள்

முதலாவது, கொள்முதல் ஆவணத்தில் அலகுப் பெயரோடு பைட் எண்ணிக்கையையும் எழுதுதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தேவை 100 டெபிபைட் எனக் கணிக்கப்பட்டது என்க. ஆவணத்தில் ‘100 டெராபைட்’ என்று எழுதி, அவ்வாறே வட்டுகள் வந்து சேர்ந்தால், ஏறத்தாழ 9.95 டெராபைட் குறையும். வழங்கியவர் ஒப்பந்தப்படியே வழங்கியிருப்பார். குறை எழுதியவரையே சாரும். ஓராண்டு ஓட வேண்டிய கணக்கீடு பதினோராம் மாதத்தில் இடமின்றி நின்றுபோகலாம்.

இரண்டாவது, அளக்கப்படும் பொருள் எதுவென நோக்குக. நினைவகச் சில்லு எனில் இரண்டின் அடுக்கு. வட்டு எனில் பத்தின் அடுக்கு. தொடர்புப் பாதையின் வேகம் எனில் பத்தின் அடுக்கு, அதுவும் பிட் கணக்கில். பிட், பைட் என்னும் சொற்களைச் சுருக்காமல் முழுமையாக எழுதுதல் நலம். அவற்றிடையே உள்ள வேறுபாடு எட்டு மடங்கு.

மூன்றாவது, களத்தில் சேகரித்த தகவல்களை ஒரு வட்டிலிருந்து மற்றொன்றிற்குப் படியெடுத்தபின், இரண்டும் ஒன்றா எனச் சோதிக்கையில் ஜிகாபைட் எண்ணை ஒப்பிடலாகாது. பைட் எண்ணிக்கையை ஒப்பிடுக. முழுதாக்கப்பட்ட எண்ணில் ஒரு கோப்பு விடுபட்டாலும் தெரியாது. பைட் எண்ணிக்கையில் ஒரே ஒரு பைட் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

நான்காவது, எல்லாக் குறைவையும் அலகின் மீது சுமத்தலாகாது. கோப்பு அட்டவணைக்கும், பாதுகாப்புக் கருதி வைக்கும் மறுபடிகளுக்கும் வட்டில் இடம் செலவாகிறது. முதலில் அலகினால் வரும் வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பின்னரே பிற காரணங்களை ஆராய்தல் முறை.

வகுப்பறைக்குரிய பயிற்சிகள்

1. ஒரு தாளை இரண்டாக மடித்து, மீண்டும் மீண்டும் மடித்தால், ஐந்து மடிப்புக்குப் பின் எத்தனை கட்டங்கள்? பத்து மடிப்பு மடிக்க இயலுமாயின் எத்தனை? (விடை: 32, 1,024. உண்மையில் தாள் ஏழெட்டு மடிப்புக்குமேல் இணங்காது. இரட்டிப்பு எத்துணை விரைவில் வளர்கிறது என்பதை மாணவர் கைகளாலேயே உணர்வர்.)

2. ஓர் ஊரிலுள்ள 1,000 வீடுகளுக்கும் 0, 1 என்னும் இரு குறிகளை மட்டும் கொண்டு கதவெண் இடவேண்டும். ஒவ்வொரு கதவிலும் குறைந்தது எத்தனை குறிகள் தேவை? எத்தனை எண்கள் மிஞ்சும்? (விடை: 10 குறிகள், 24 எண்கள்.)

3. 16 ஜிபிபைட் நினைவகத்தில் எத்தனை பைட்? (விடை: 1,717,98,69,184.)

4. விநாடிக்கு ஒரு ஜிகாபிட் வேகமுள்ள பாதையில், இடையூறு ஏதுமின்றி, ஒரு டெராபைட் தகவல் செல்ல எவ்வளவு நேரம்? ஒரு டெபிபைட் செல்ல எவ்வளவு நேரம்? (விடை: 8,000 விநாடி, அதாவது 2 மணி 13 நிமிடம் 20 விநாடி, 8,796 விநாடி, அதாவது 2 மணி 26 நிமிடம் 36 விநாடி. வேறுபாடு 13 நிமிடத்திற்கு மேல்.)

நான்காம் பயிற்சியின் விடையை ஆசிரியர் வற்புறுத்திக் காட்டுதல் வேண்டும். பெயரில் ஓர் அசை மாறியதால் கடிகாரத்தில் 13 நிமிடம் மாறிற்று. இரண்டின் அடுக்கு நினைவகச் சில்லின் இயல்பிலிருந்து பிறந்தது; பத்தின் அடுக்கு மனிதர் எண்ணும் முறையிலிருந்து பிறந்தது; இரண்டும் தத்தம் இடத்தில் முறையானவை. அலகினைச் சொல்லாத எண் அளவாகாது என்பது விஞ்ஞான பாடத்தின் முதற்பாடம். அவ்வலகு எந்த அடுக்கினைச் சார்ந்தது என்பதையும் சொல்லவேண்டும் என்பது இக்காலத்தில் அதனோடு சேர்க்கவேண்டிய பாடமாகும்.